சம்பளக் கணக்கு இல்லாதவர்களின் உயரமும் வயதும்

நண்பர்களே, பழைய காலத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால், கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை என்றுதான் உடனே தேடுவோம். அந்தக் கணக்கு யாரிடம் இருக்கும்? கூலி கொடுத்தவனிடம் இருக்கும், கோயிலில் இருக்கும், அரசாங்க அலுவலகத்தில் இருக்கும். அடிமைக்குச் சம்பளமே கிடையாது. நாள் முழுக்க வீட்டில் உழைத்த பெண்ணுக்கு யார் கணக்கு எழுதினார்கள்? இப்படிப் பாதி உலகம் பொருளாதார வரலாற்றில் இடமே இல்லாமல் நிற்கிறது. அவர்களைத் தேடிப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஆளின் உயரம், இன்னொன்று அவர் தன் வயதைச் சொன்ன விதம்.

உயரம் பரம்பரையாக வருவதுதானே என்று கேட்பீர்கள். ஒரே தெருவில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்றால் பெரும்பாலும் பரம்பரைதான். ஆனால் பல்லாயிரம் பேரின் சராசரி ஓரிரு தலைமுறையில் ஏறினாலோ இறங்கினாலோ அதைப் பரம்பரை மேல் போட முடியாது, மரபணு அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. உண்டதில் உழைப்புக்குப் போனது போக, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் போனது போக, மிஞ்சியதுதான் எலும்பு வளரக் கிடைக்கும். கருவிலிருந்து இரண்டு வயது வரை ஒரு கட்டம், பருவ வயதில் இன்னொரு கட்டம், இந்த இரண்டில் பட்ட அடி ஆயுளுக்கும் உடம்பில் நிற்கும். 1829இலேயே பிரான்சில் வில்லெர்மே என்ற மருத்துவர், படைக்கு ஆள் எடுக்கும்போது அளந்த உயரங்களை வைத்து, வசதியான பகுதிகளில் வளர்ந்தவர்கள் உயரமாக இருப்பதைக் காட்டிவிட்டார்.

என்னை மிகவும் உலுக்கியது அமெரிக்க அடிமைகளின் உயரக் கணக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 முதல் அமெரிக்கா தடை செய்தது. உள்நாட்டு வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு அடிமைகளை ஏற்றிப் போகும் கப்பல் தலைவன், இவர்கள் புதிதாகக் கடத்தி வந்தவர்கள் அல்ல என்று காட்ட, ஒவ்வொருவரின் பெயர், வயது, பால், நிறம், உயரம் எல்லாம் எழுதித் தர வேண்டும். சரக்குக்குப் போடும் பட்டியல் மாதிரி. ரிச்சர்ட் ஸ்டெக்கெல் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் அந்தப் பட்டியல்களை எடுத்து வயதுவாரியாக உயரத்தை அடுக்கிப் பார்த்தார்.

நான்கைந்து வயதுக் குழந்தைகள் நம்ப முடியாத அளவுக்குக் குட்டையாக இருந்தார்கள். இன்றைய அளவுகோலில் நூறு குழந்தைகளை உயர வரிசையில் நிறுத்தினால் கடைசியில் நிற்கும் குழந்தையை விடவும் குட்டை. ஆனால் அதே மக்களில் வளர்ந்த ஆண்களின் சராசரி சுமார் 170 செ.மீ., அன்றைய ஐரோப்பிய ஏழைகளை விட அதிகம். எப்படி? வயிற்றுப் பிள்ளையோடு பெண்களைக் கடைசி வரை வயலில் வேலை வாங்கினார்கள், பெற்ற கொஞ்ச நாளில் திரும்ப வயலுக்கு அனுப்பினார்கள், குழந்தைக்குத் தாய்ப்பாலும் சரியாகக் கிடைக்கவில்லை. இறைச்சிப் படி வேலை செய்யும் ஆளுக்குத்தான், குழந்தைக்குக் கிடையாது. பத்து வயது வாக்கில் வயலில் இறக்கிய பிறகே அந்தப் பிள்ளைக்குத் தட்டில் கறி விழுந்தது, உடம்பும் அப்புறம்தான் வளர்ந்தது. பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி ஐந்து வயதைத் தாண்டவில்லை என்பது ஸ்டெக்கெலின் மதிப்பீடு. வளர்ந்த ஆணின் உயரத்தை மட்டும் காட்டி “அடிமைகளுக்கு நல்ல சாப்பாடுதான் போட்டார்கள்” என்று யாராவது சொன்னால், அந்தக் குழந்தைகளின் உயரத்தை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.

அதே நாட்டில் வெள்ளையர்களின் கதையும் நேர்க்கோட்டில் போகவில்லை. 1830 வாக்கில் பிறந்த அமெரிக்க ஆண்களின் சராசரி சுமார் 173 செ.மீ., 1890 வாக்கில் பிறந்தவர்களுக்கு சுமார் 169 செ.மீ. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் தலைவருமானம் ஏறிக்கொண்டே போனது! ரயிலும் கால்வாயும் பொருளோடு சேர்த்து நோயையும் ஊர் ஊராகக் கொண்டுபோயின, நகரங்களில் நெரிசலும் கெட்ட தண்ணீரும், சம்பளத்தை விடப் பாலும் கறியும் வேகமாக விலை ஏறின என்றெல்லாம் காரணம் சொல்கிறார்கள். இதற்கு மறுப்பும் உண்டு. இந்தக் கணக்கில் பெரும்பகுதி பட்டாளத்தில் சேர வந்தவர்களை அளந்து எடுத்தது. நல்ல வேலை கிடைக்கும் காலத்தில் பட்டாளத்துக்குத் தானாக வந்து சேர்பவர்கள் ஏழைகளாகவும் குட்டையாகவும் இருக்கலாம், அதனால் இறங்கியது நாட்டின் உயரம் அல்ல, வந்து சேர்ந்தவர்களின் உயரம்தான் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கட்டாயமாக எல்லோரையும் அளந்த நாடுகளின் கணக்குக்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது.

நம் ஆட்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். மொரிஷியஸுக்கும் பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சீட்டில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், மச்சம், தழும்பு இவற்றோடு உயரமும் உண்டு. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் அன்றைய கிராமத்துச் சாப்பாட்டைத் தேடுகிறார்கள்.

சரி, வயதுக்கு வருவோம். பிறந்த தேதி தெரியாதவரிடம் வயது கேட்டால் “ஒரு நாற்பது இருக்கும்” என்பார், முப்பத்தேழு என்று சொல்ல மாட்டார். ஊர் முழுக்க இப்படிச் சொன்னால் கணக்கெடுப்பில் 30, 35, 40, 45 எல்லாம் மலைபோல் நிற்கும், நடுவில் பள்ளம். இந்தக் குவியலை அளக்க ஒரு குறியீடு உண்டு. 23 முதல் 62 வரை நாற்பது வயதுகளில் 0, 5இல் முடிபவை எட்டு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அந்த எட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்களே இருந்தால் குறியீடு 100, எல்லோரும் அந்த எட்டிலேயே குவிந்தால் 500. விப்பிள் குறியீடு என்று இதற்குப் பெயர். ஜெர்மனியின் ஜோர்க் பாட்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை வைத்துப் பள்ளிக்கூடப் பதிவேடே இல்லாத காலத்தின் எண்ணறிவை, அதாவது மக்களுக்கு எண்களை எவ்வளவு கையாளத் தெரிந்திருந்தது என்பதை, நாடு நாடாகக் கணக்கிட்டார்கள். எகிப்தில் கரானிஸ் என்ற ஊரில் ஐசிடோரஸ் என்ற வசதியான நிலக்காரர், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரிரு வருட இடைவெளியிலேயே அரசாங்கத் தாள்களில் தன் வயதை 37 என்றும் 45 என்றும் 40 என்றும் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். சீனாவில் ஏழைகளும் வயதைச் சரியாகவே சொன்னார்கள், பன்னிரண்டு விலங்குச் சுற்றில் பிறந்த ஆண்டு எல்லோருக்கும் நினைவில் இருந்தது. நம் ஊரில் “தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவன்” என்று சொன்ன கிழவருக்கு எண்ணத் தெரியாது என்று முடிவு கட்டக்கூடாது, அவர் காலத்தை வேறு விதமாக நினைவில் வைத்திருந்தார். இன்னொன்று, கணக்கெடுப்பில் மனைவியின் வயதைப் பல வீடுகளில் கணவன்தான் சொல்லியிருப்பான். பெண்களுக்கு எண்ணறிவு குறைவு என்று அந்தத் தாளை வைத்துச் சொல்வதற்கு முன்னால் பதில் சொன்னது யார் என்று கேளுங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பிலும் 0, 5இல் முடியும் வயதுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தமிழ்நாட்டில் 25 சதவீதம். நம் மாநிலம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும்போது நான்கில் ஒரு குழந்தை அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கிறது. உங்கள் ஊர் அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளந்து எழுதுகிறார்களா, அதில் எத்தனை குழந்தைகள் வயதுக்கேற்ற உயரக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.