பெர்சிக்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும்!

வணக்கம் நண்பர்களே! இன்று வேறொன்று பேசுவதாக இருந்தேன், அதை ஓரமாக வைத்துவிட்டேன். இதோ பாருங்கள், ‘தி சாலிஸ் ஆஃப் தி காட்ஸ்’. ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசையில் ஆறாவது புத்தகம், 2023இல் வந்தது. கெட்டி அட்டை, பழைய புத்தகக் கடையில் 180 ரூபாய்! கடைக்காரர் முதலில் 250 என்றார். பேசிப் பேசி 220க்கு இறங்கினார். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன், கூப்பிட்டார். மேலுறையைப் பாருங்கள், ஒரு மூலைகூட மடங்கவில்லை. முதுகு மடிந்த புத்தகத்தை நான் வாங்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியுமே.

கதைக்கு வருகிறேன். பெர்சி, கிரேக்கக் கடல் கடவுள் போஸைடனின் மகன். டைட்டன்கள் என்ற பழைய கடவுள்களோடு மோதி, கடவுள்களின் இருப்பிடமான ஒலிம்பஸையே காப்பாற்றியவன். அவனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால், கடவுள்களிடமிருந்து மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வாங்கி வர வேண்டும்! இதைச் சொல்லும் பள்ளி ஆலோசகரே ஒரு கடல்தேவதை. முதல் கடிதம் கானிமீடிடம். ஒலிம்பஸில் கடவுள்களுக்குப் பானம் ஊற்றுகிறவன் அவன்; அவனுடைய கோப்பை களவு போய்விட்டது. கடவுள்களின் அரசன் ஜீயஸின் விருந்துக்கு முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேக்கப் பெயரை ஒட்டிவிட்டுப் புராணம் என்று விற்கும் புத்தகங்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ரியோர்டன் அப்படிச் செய்வதில்லை. முதல் புத்தகத்தில் வரும் புரோகிரஸ்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். புராணத்தில் அவன் விருந்தாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, குட்டையாக இருந்தால் இழுப்பான், நெட்டையாக இருந்தால் வெட்டுவான். கதையில் அவன் லாஸ் ஏஞ்சலிஸில் தண்ணீர்ப் படுக்கை விற்கிறான்! புராணத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை, சிரிப்பும் வந்துவிடுகிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாசிப்புக் குறைபாடு இருந்த தன் மகனுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதைதான் 2005இல் முதல் புத்தகமாக வந்தது. பெர்சிக்கும் ஆங்கில எழுத்துகள் தடுமாறும், அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது என்பதால். வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

சரி, கோப்பைக் கதைக்குத் திரும்புவோம். இதில் பெர்சி மல்லுக்கட்டுவது யாரோடு தெரியுமா? கெராஸ். முதுமையின் கடவுள்! பழைய கிரேக்கக் குடுவைகளில் சுருங்கிப்போன ஒரு கிழவனை மாவீரன் ஹெரக்ளிஸ் தாக்கும் ஓவியங்கள் உண்டு. அந்தக் கிழவன்தான் இவர். அந்தச் சண்டையின் கதை எழுத்தில் எங்கும் மிஞ்சவில்லை, ஓவியம் மட்டும்தான். அந்தச் சண்டையை எடுத்துப் பதினேழு வயதுப் பையனிடம் கொடுத்திருக்கிறார் ரியோர்டன். முடிவைச் சொல்லமாட்டேன், நீங்களே படியுங்கள். நான் அந்த அத்தியாயத்தை உடனே மறுபடி படித்தேன்.

அடுத்த கடிதத்துக்கு மாயவித்தைக் கடவுள் ஹெக்கட்டியின் வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 2024இல் வந்த புத்தகம். கெட்டி அட்டையில் எங்காவது கண்ணில் பட்டால் கீழே எழுதுங்கள்.