ஒரு பை ரத்தம், மூன்று ஆயுள்

நேயர்களுக்கு வணக்கம். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் என் போன்ற மருத்துவர்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "டாக்டர், போன மாசம்தான் எங்க காலேஜ்ல அத்தனை பேர் ரத்தம் கொடுத்தோம். இப்போ எங்க அப்பாவுக்கு பிளேட்லெட் இல்லைன்னா எப்படி?"

நியாயமான கேள்விதான். ரத்தம் எதனால் ஆனது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் ரத்தத்தை எடுத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்து எடுங்கள். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த திரவம் நிற்கும். அடியில் அடர்சிவப்பு. இரண்டுக்கும் நடுவே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளிறிய மெல்லிய படலம்.

மேலே நிற்பது பிளாஸ்மா. ரத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் இதுதான். பெரும்பகுதி தண்ணீர், அதில் புரதங்களும் உப்புகளும் சர்க்கரையும் ஹார்மோன்களும் கலந்திருக்கின்றன. ஆல்புமின் என்ற புரதம்தான் நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. அது மிகவும் குறைந்தால் கால் வீங்கிவிடும்.

அடியில் இருப்பவை சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம்! இவற்றுக்கு உட்கரு கிடையாது. அந்த இடத்தையும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கே கொடுத்துவிட்டன. உட்கரு இல்லாததால் தேய்ந்த பாகங்களைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். மண்ணீரலும் கல்லீரலும் பழைய அணுக்களை உடைத்து, உள்ளே இருக்கும் இரும்புச்சத்தை வீணாக்காமல் எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. உடம்பு இரும்பை இவ்வளவு கவனமாகச் சேமிப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நடுவில் இருக்கும் அந்த மெல்லிய படலத்தில் கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்களும், நாம் பிளேட்லெட் என்று சொல்லும் தட்டணுக்களும் இருக்கின்றன. விரலில் கத்தி பட்டவுடன் தட்டணுக்கள் ஓடிவந்து காயத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து அடைக்கும். அப்புறம் பிளாஸ்மாவில் இருக்கும் ஃபைப்ரினோஜென் இழைகளாக மாறி, அந்த அடைப்பை வலை மாதிரி இறுக்கும். தட்டணு ஒன்று உடம்புக்குள் எட்டு முதல் பத்து நாள்தான் வாழும். அதனால் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி தட்டணுக்களை உருவாக்குகிறது.

டெங்கு காலத்தில் எல்லோர் வாயிலும் வருவது ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கைதான். ஆனால் டெங்குவில் பெரிய ஆபத்து, பிளாஸ்மா ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிவது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் உடனே பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. மருத்துவர் காத்திருக்கச் சொன்னால், தயவுசெய்து பதறாதீர்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் ஒரு பை ரத்தத்தை மூன்றாகப் பிரிக்கிறோம். சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் 42 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம் தாங்கும். பிளேட்லெட்டைக் குளிரில் வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் அசைகிற தட்டின் மேல் வைத்திருப்போம். பையை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தால், நல்ல தட்டணுக்கள் பட்டுத்துணி போல மினுமினுத்துச் சுழலும். ஆனால் அதெல்லாம் ஐந்து நாளைக்குத்தான். போன மாத முகாமின் பிளேட்லெட் இன்று இருக்க வழியே இல்லை.

ஒரே நாளில் நூறு பேர் வருவதைவிட, வாரம் சிலராகப் பிரிந்து வந்தால் எங்களுக்குப் பேருதவி. குறிப்பாக, கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வாருங்கள். 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். உங்கள் ஊர் ரத்த வங்கியில் பெயரையும் ரத்த வகையையும் பதிந்து வையுங்கள். தேவைப்படும் வாரத்தில் அவர்களே கூப்பிடுவார்கள். நன்றி, வணக்கம்.