லாஜ்பத் நகரில் என்ன வேலை?

அவையோருக்கு வணக்கம். என்னை மேடைக்குக் கையைப் பிடித்து அழைத்துவந்த மாமி, "படி இருக்கு, படி இருக்கு" என்று மூன்று தடவை சொன்னார். ஏறுகிற படியா, இறங்குகிற படியா என்று சொல்லவில்லை. கோபமெல்லாம் இல்லை மாமி, சிரிக்காதீர்கள். அந்தப் படிக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

பார்வையற்றவர்களுக்கு ஜிபிஎஸ் எப்படி உதவுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். உதவுகிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. நடக்கும்போது அது சுமாரான துணை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.

2003இல் வங்கி வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தேன். அப்போதெல்லாம் ஆட்டோவில் நான் ஒரு பார்சல். ஏற்றிவிட்டால் இறக்கிவிடுகிற இடத்தில் இறங்க வேண்டியதுதான். மேம்பாலம் ஏறி இறங்குவது வயிற்றில் தெரியும், அதை எண்ணிக்கொண்டே போவேன். ஒரு மேம்பாலம் கூடிவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். டிரைவரிடம் கேட்கலாம்தான். அவர் சொல்வதைச் சரிபார்க்க யாரிடம் போவது?

திரையில் இருப்பதைப் போனே வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்த பிறகு நடந்த கதை இது. அப்படிப் படிக்கிற செயலிக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். ஒரு ஜனவரிக் காலை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, நியூடெல்லி ஸ்டேஷனிலிருந்து ஆர்.கே.புரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஒரு காதில் மட்டும் இயர்போன், மறுகாது எப்போதும் ஊருக்கு. கடக்கிற சாலைகளின் பெயரை ஸ்கிரீன் ரீடர் படித்துக்கொண்டே வந்தது. சாந்தி பத், மோதி பாக் என்று வரவேண்டும். எனக்கு அந்த வரிசை மனப்பாடம். வந்ததோ லாஜ்பத் நகர்.

"பையா, ஆர்.கே.புரம் போக லாஜ்பத் நகரில் என்ன வேலை?" என்று கேட்டேன்.

வண்டி சட்டென்று மெதுவானது. "மேடம், உங்களுக்குக் கண் தெரியுமா?"

"கண் தெரியாது. வழி தெரியும்."

வீடு வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது மீட்டரில் நாற்பது ரூபாய் குறைத்துக்கொண்டு வாங்கினார். ஏமாற்றப் பார்த்தாரா, தூக்கக் கலக்கத்தில் நிஜமாகவே வழி மாறினாரா என்று இன்றுவரை தெரியாது. யாரையும் சந்தேகப்படாமல் ஆட்டோவில் சாய்ந்து உட்கார முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிது. ரயிலிலும் அப்படித்தான். முன்பெல்லாம் "அண்ணா, இது எந்த ஸ்டேஷன்?" என்று எதிர் சீட்டுக்காரரை எழுப்புவேன். இப்போது அவர்தான் என்னை எழுப்பி "ஜான்சி போயாச்சா?" என்று கேட்கிறார்.

சரி, நடக்கும்போது மட்டும் ஏன் சுமார் என்கிறேன்? கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு தாமதம் என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடும். இடத்தைச் சொல்லக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் வேண்டும். செய்தி ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் போச்சு. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைகூடத் தப்பும். அதை நீக்கிய பிறகுதான் இது எங்களைப் போன்றவர்கள் கையில் எடுக்கிற பொருளானது.

ஆனால் அதற்கு வெகு முன்பே இதைக் கனவு கண்ட ஒருவர் உண்டு. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ரெஜினால்ட் கோலெட்ஜ் என்று ஒரு புவியியல் பேராசிரியர். 1980களின் நடுவில் அவருக்குப் பார்வை போய்விட்டது. வரைபடமே தொழிலாக இருந்தவருக்கு! ஜாக் லூமிஸ், ரோபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, செயற்கைக்கோளைக் கேட்டு வழி சொல்லும் கருவியை உருவாக்கினார். முதல் வடிவத்தை முதுகில் மூட்டையாகச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது. இன்று அது என் சுடிதார் பாக்கெட்டில் இருக்கிறது.

இருந்தும், திறந்த வெளியில் ஒரு போன் சொல்லும் இடம் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். சமிக்ஞை சுவரில் மோதிச் சுற்றி வருவதால் தூரம் கூடுதலாகக் கணக்காகிவிடும். பார்வையுள்ளவர்களுக்கு 5 மீட்டர் ஒன்றுமே இல்லை, தலையைத் திருப்பினால் கடை தெரிந்துவிடும். எனக்கு அது சாலையின் இந்த ஓரமா அந்த ஓரமா, வாசலா சாக்கடையா என்கிற கேள்வி.

கேபிள் போடத் தோண்டிய பள்ளம் ஒன்று எங்கள் பக்கத்துத் தெருவில் தடுப்பு இல்லாமல் கிடந்தது. அன்று மழை, வெண்கோலைச் சரியாக வீசாமல் அவசரமாக நடந்தேன். இடுப்பளவு பள்ளத்தில் சேற்றோடு நின்றுகொண்டிருக்கிறேன், போன் அமைதியாகச் சொல்கிறது: "இருநூறு மீட்டர் நேராகச் செல்லவும்."

காலடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது கோலின் வேலை. இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளையையும் லாரியின் பின்கதவையும் சாதாரணக் கோலும் காட்டாது. அதற்காக நம் டெல்லி ஐஐடியில் 'ஸ்மார்ட்கேன்' செய்தார்கள், 2014இல் வெளிவந்தது. கோலின் பிடியில் பொருத்துகிற கருவி, வௌவால் மாதிரி, மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, முழங்காலுக்கு மேலே குறுக்கே நிற்பதைக் கைக்குள் அதிர்வாகச் சொல்லும்.

மெட்ரோவுக்குள் கதை வேறு. நம் ஆர்.கே.புரம் ஸ்டேஷன் தரைக்கடியில் இருக்கிறது, அங்கே ஜிபிஎஸ் எட்டாது. காலுக்கடியில் மேடு மேடாக ஓடு பதித்திருக்கிறார்களே, அழகுக்கென்று நினைத்து அதன்மேல் நின்று போன் பேசுகிறீர்களே, அதுதான் எங்கள் வழி. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் கண்டுபிடித்தது. கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். மேலே ஏறி வந்ததும் நான் ஓரமாக ஒரு நிமிஷம் சும்மா நிற்பேன். போன் வானத்தைப் பிடிக்க அவகாசம் வேண்டும். "ஏம்மா நிக்கறே, ரோடு தாண்டணுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் யாராவது இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் விட்டுவிடுவார்கள். புண்ணியம் அவர்களுக்கு, திரும்பி வருகிற அலைச்சல் எனக்கு.

அப்புறம் போன் "வடமேற்காகச் செல்லவும்" என்று ஆரம்பிக்கும். நின்ற இடத்தில் நின்றால் நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது, நகர்ந்தால்தான் தெரியும். போனில் திசைகாட்டி உண்டு, இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் அதுவும் குழம்பும். காலை வெயில் எந்தக் கன்னத்தில் சுடுகிறது என்று பார்த்துக்கொள்வேன். டிசம்பர் மூடுபனியில் அதுவும் கிடையாது. அப்போது இஸ்திரிக்காரரின் கரி வாசனைதான் கிழக்கு.

கடைசி இருபது அடிதான் பெரிய தலைவலி. வரைபடத்தில் ஓர் இடத்துக்குக் குத்துகிற புள்ளி, பெரிய வளாகமாக இருந்தால் அதன் நடுவில் விழும். வாசல் வேறெங்கோ இருக்கும். ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திருக்கு முதல் தடவை தனியாகப் போனபோது, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று போன் சொல்லிவிட்டது. கையை நீட்டினால் மதில் சுவர். மேலே எங்கோ மணி அடிக்கிறது. பூ விற்கிற அம்மாவிடம் கேட்டேன். "அதோ தெரியுதே, அங்கதான் கேட்டு."

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த மூன்றில் ஒன்றுகூட எனக்கு வேலை செய்யாது! விரல் இல்லாமல் 'அதோ'வுக்கு அர்த்தமே இல்லை. நீங்கள் வழி சொல்லும்போது என் உடம்பை வைத்துச் சொல்லுங்கள். "உங்க வலது கைப் பக்கமா சுவரைத் தொட்டுண்டே பதினைஞ்சு அடி, சுவர் முடியற இடம் கேட்டு" என்றால் போதும், எந்தச் செயற்கைக்கோளும் உங்களுக்கு ஈடாகாது. படி என்றால் ஏறுகிறதா இறங்குகிறதா, எத்தனை என்றும். சொன்னேனே மாமி, திரும்ப வருவேன் என்று.

இளையவர்கள் சிலர் இங்கே கோலோடு வந்திருக்கிறார்கள், உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வாசலை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால், அங்கேயே ஒரு நிமிஷம் நின்று, நீங்களே அந்த இடத்தைப் போனில் குறித்து வையுங்கள். யாரோ குத்திய புள்ளியைவிட அது நம்பகமானது. பெயரும் உங்கள் காலுக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும். என் போனில் மலை மந்திர் 'சுவர் வலது, பூக்காரம்மா, கேட்' என்று இருக்கிறது. இந்த மண்டபத்தை இன்று சாயங்காலம் உள்ளே வரும்போது குறித்தேன்: 'பக்கவாட்டு கேட், செருப்பு ஸ்டாண்டில் மோதாதே, மேடைக்கு ஏறுபடி மூன்று.'