கூருக்குப் பின்னால் எவ்வளவு இரும்பு? மடக்குக் கத்தி கிரைண்டுகள் ஓர் ஒப்பீடு

[திரையில்: இரண்டு மடக்குக் கத்திகள், பலகை மேல் ஒரு தடித்த கேரட்]

இந்த இரண்டு கத்தியையும் நேற்று ராத்திரி ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டினேன். இரண்டுமே கை முடியை வழிக்கின்றன, தாளைச் சத்தமில்லாமல் கீறுகின்றன. இப்போது கேரட். முதல் கத்தி அடிவரை அப்படியே இறங்கிவிட்டது. இரண்டாவது பாதி வரை நன்றாகப் போனது, அங்கே 'டக்' என்று ஒரு சத்தம், மீதி தானாகப் பிளந்துகொண்டது.

கூர் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் கூர் செய்கிற வேலை வழி திறப்பது மட்டும். அந்த வழிக்குள் மீதிக் கத்தி முழுவதும் நுழைந்தாக வேண்டும், அது சீக்கிரம் தடித்துப் போனால் கேரட்டுக்கு அது கத்தியே இல்லை, ஆப்பு. கூரிலிருந்து முதுகு வரை இரும்பு எந்த வேகத்தில் தடிக்கிறது என்பதைத்தான் கிரைண்ட் என்கிறோம்.

[திரையில்: அலகின் குறுக்குவெட்டுப் படம்]

பேச வசதியாக ஒரு மாதிரி அலகை எடுத்துக்கொள்வோம். முதுகு 3 மி.மீ., உயரம் 25 மி.மீ. தீட்டிய சாய்வு முடிகிற இடத்தில், அதாவது கூருக்குச் சற்றுப் பின்னால், தடிமன் 0.4 மி.மீ. இனி சொல்லப்போகிற எண்களில் பெரும்பாலானவை இந்த ஒரே அலகுக்கு நானே கணக்குப் போட்டவை.

முதலில் ஃபுல் ஃப்ளாட். முதுகிலிருந்து கூர் வரை ஒரே நேர்கோட்டுச் சாய்வு. கூரிலிருந்து 4 மி.மீ. மேலே போனால் தடிமன் 0.8, 12 மி.மீ. மேலே 1.65, 16 மி.மீ. மேலே 2.1. ஒரே சீராக ஏறுகிறது, தடிமன் திடீரென்று எகிறுகிற 'தோள்' எந்த இடத்திலும் முட்டாது. அட்டைப்பெட்டி, கயிறு, பழம் என்று என்ன வருமென்றே தெரியாமல் பையில் ஒரு கத்தி வைத்திருப்பவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

அதே சாய்வை முதுகிலிருந்து தொடங்காமல் 16 மி.மீ. உயரத்திலிருந்து தொடங்கினால் அது சேபர். மேலே உள்ள 9 மி.மீ. முழுத் தடிமனோடு அப்படியே இருக்கும். 4 மி.மீ. மேலே வரும்போதே 1 மி.மீ. ஆகிவிடும், 12-இல் 2.35. பலம் அதிகம், உண்மைதான். ஆனால் மடக்குக் கத்தியில் நெம்பினால் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் மடங்கும் இடத்து ஆணியும் பூட்டும்தான், அலகை இவ்வளவு தடியாக வைத்து என்ன காப்பாற்றுகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரே துண்டாகச் செய்த நிலைக் கத்தியில் சேபருக்கு அர்த்தம் இருக்கிறது.

சரி, இப்போது ஹாலோ. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

[திரையில்: சுழலும் சக்கரத்தில் அலகைப் பிடித்துக் குழிக்கும் படம்]

சுழலும் சக்கரத்தின் வளைவிலேயே அலகைப் பிடித்துக் குடைந்தால் இரண்டு பக்கமும் உள்வாங்கிய குழி விழும், அதுதான் ஹாலோ. குழி எவ்வளவு ஆழம் என்பது சக்கரத்தின் அளவைப் பொறுத்தது. நம் மாதிரி அலகில் 16 மி.மீ. உயரத்துக்கு 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தால் குடைந்தால், நடுவில் ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. ஆழம் வரும். சக்கரம் பெரிதாகப் பெரிதாகக் குழி ஆழம் குறைந்துகொண்டே போய், கடைசியில் கிட்டத்தட்ட சேபர் போலவே ஆகிவிடும். அதனால் 'ஹாலோ' என்ற ஒரே பெயரில் விற்கிற இரண்டு கத்திகள் வெட்டுவதில் ரொம்பவே மாறலாம்.

0.3 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எண்களைப் பாருங்கள். 4 மி.மீ. மேலே ஃபுல் ஃப்ளாட் 0.8, ஹாலோ வெறும் 0.57. தோல் உரிப்பது, கயிறு அறுப்பது, மேலோட்டமாகக் கீறுவது எல்லாவற்றிலும் வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் 10 மி.மீ. தாண்டியதும் கணக்கு தலைகீழாகிறது. 12-இல் ஹாலோ 1.87, ஃப்ளாட் 1.65. 16-க்கு வந்தால் ஹாலோ முழு 3 மி.மீ., ஃப்ளாட் 2.1 மட்டும். அந்தக் கடைசி 4 மி.மீ.-க்குள் தடிமன் ஒரேயடியாக எகிறுகிறது பாருங்கள், முதலில் கேட்ட 'டக்' அங்கேதான் பிறந்தது. அந்த இரண்டாவது கத்தி ஹாலோ.

பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த 110 ஃபோல்டிங் ஹன்டர் ஹாலோதான். வேட்டைக்காரர்களுக்கான கத்தி அது, தோல் உரிக்கத் தேவைப்படுவது கூரையொட்டிய சில மில்லிமீட்டர் மெலிவு மட்டும், அங்கே ஹாலோ மிகச் சரியான முடிவு. கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா மடக்குக் கத்தியும் ஹாலோ.

ஹாலோவுக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு, வாங்குகிற அன்று அது தெரியாது. தீட்டத் தீட்ட அலகு தேய்ந்து கூர் மேலே ஏறிக்கொண்டே போகும் இல்லையா? 2 மி.மீ. தேய்ந்தபின் ஃபுல் ஃப்ளாட்டில் கூருக்குப் பின்னால் 0.4 ஆக இருந்தது 0.6 ஆகும், சேபரில் 0.7-ஐத் தாண்டும், ஹாலோவில் 0.45-தான். சவரக் கத்தியை ஹாலோவாகக் குடைவதிலும் இதே நன்மை இருக்கிறது, எத்தனை முறை தீட்டினாலும் மெலிவு போகாது.

கான்வெக்ஸ் இதற்கு நேர் எதிர், பக்கங்கள் வெளியே லேசாகப் புடைத்திருக்கும். புடைப்பு என்றதும் தடி என்று பயப்பட வேண்டாம். 1890-இல் ஜோசப் ஒபினெல் உருவாக்கிய ஒபினெல் கத்தியில் லேசான கான்வெக்ஸ்தான், ஆனால் அதன் 8-ஆம் எண் அலகின் முதுகே 2 மி.மீ.-க்குக் குறைவு. ஆப்பிளை அது வெட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! புடைப்பின் நன்மை, வெட்டிய துண்டு அலகோடு ஒட்டாமல் விலகி விழும். தட்டைக் கல்லில் தீட்டினால் நாளடைவில் அந்த வளைவு போய்விடும், ஆகையால் தோல் பட்டையிலோ, மெத்தென்ற பரப்பின் மேல் விரித்த உப்புத்தாளிலோ, முதுகு முன்னே, கூர் பின்னே வரும்படி இழுத்துத் தீட்டுங்கள்.

ஸ்காண்டி மர வேலைக்காரர்களுடையது. கீழே 8 மி.மீ. மட்டும் சாய்வு, அது நேராகக் கூரில் முடிகிறது, தனியாக இன்னொரு சாய்வு கிடையாது. 3 மி.மீ. முதுகென்றால் மொத்தக் கோணம் சுமார் 21 டிகிரி, சாதாரண மடக்குக் கத்தியின் கூரில் 30 முதல் 40 வரை இருக்கும். அந்த அகலமான சாய்வு மரத்தின் மேல் படிந்து உட்கார்ந்துகொள்வதால் கை சொன்ன ஆழத்துக்குச் சீவும், தீட்டும்போதும் சாய்வை அப்படியே கல்லில் படியவைத்தால் போதும், கோணத்தைத் தேட வேண்டாம். ஆனால் 4 மி.மீ. மேலேயே 1.5 மி.மீ. தடிமன், கேரட்டில் இது ஹாலோவைவிட முன்னதாகவே பிளக்கும். பின்லாந்தின் பிர்க் 75 ஸ்காண்டியாகவும் ஃப்ளாட்டாகவும் கிடைக்கிறது, ஒரே கத்தியில் இரண்டையும் ஒப்பிட நல்ல வாய்ப்பு.

சிசல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் சாய்வு, மறுபக்கம் தட்டை, எமர்சனின் சிக்யூசி-7 இதற்குப் பெயர்போனது. தீட்டுவது சுலபம், ஆனால் நேராக வெட்ட நினைத்தால் கத்தி ஒரு பக்கமாக ஓடும். தினசரி உபயோகத்துக்கு வேண்டாம் என்பேன்.

[திரையில்: டெலிகா, பாராமிலிட்டரி 2 அருகருகே, முதுகுப் பக்கம்]

அப்புறம், பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் உள்ள ஆபத்து. ஸ்பைடர்கோவின் இந்த இரண்டுமே ஃபுல் ஃப்ளாட். டெலிகா 4-இன் முதுகு 2.5 மி.மீ., பாராமிலிட்டரி 2-இல் 3.7. கிரைண்ட் பெயர் ஒன்று, ஆப்பு இரண்டு. விக்டோரினாக்ஸ் சாதாரணப் பேனாக்கத்தி, முதுகே 2 மி.மீ.-க்குச் சற்று மேலேதான், எத்தனையோ விலையுயர்ந்த கத்திகளைவிடப் பழத்தில் சுலபமாக இறங்குவது அதனால்தான்.

விளம்பரங்களில் முதுகுத் தடிமன் போடுவார்கள், கூருக்குப் பின்னால் உள்ள தடிமனைப் பெரும்பாலும் போடுவதில்லை. வெர்னியர் காலிப்பர் இருந்தால் தீட்டிய சாய்வு முடிகிற இடத்தில் அளந்துவிடலாம். இல்லாவிட்டால் தீட்டிய சாய்வின் அகலத்தை வெளிச்சத்தில் பாருங்கள், பளபளக்கிற அந்தப் பட்டை. ஒரு பக்கத்துக்கு 20 டிகிரியில் தீட்டியிருந்தால், பட்டை அரை மில்லிமீட்டர் சொச்சம் என்றால் பின்னால் இருப்பது 0.4 மி.மீ. பட்டை 1 மி.மீ.-ஐத் தாண்டிவிட்டால் 0.7-க்கு மேல். இந்த இரண்டாவது கத்தியை வாங்குவதற்கு முன் இதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு கத்திகளின் பளபளக்கும் பட்டைகள், மிக அருகில்]