தலையணைக்குள் இருந்த வாக்குத்தத்தம்

நடுவர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

“நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.” இந்த வாக்கைத் தேவன் அதிகம் காப்பாற்றுவது அற்புதத்தாலா, மனுஷர் கையாலா? மனுஷர் கையால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். “எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டுவந்தது காகம். பக்கத்து வீட்டு அக்காவா கொண்டுவந்தாள்?” நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை ஆறாம் வசனத்தோடு ஏன் மூடிவிட்டீர்கள்? ஏழாம் வசனத்தில் ஆறு வற்றிப்போகிறது. ஒன்பதாம் வசனத்தில் கர்த்தர் என்ன சொல்கிறார்? சாறிபாத்துக்குப் போ, உன்னைப் பராமரிக்க அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காதான் தம்பி! காகம் தன் பிள்ளையின் கடைசி அடையைக் கொண்டுவரவில்லை. அந்த விதவை கொண்டுவந்தாள். இரண்டில் எது பெரிது என்று பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

சாறிபாத் தூரம். நம்ம ஊருக்கு வாருங்கள். 1813-இல் இதே ரங்கூனில் வந்து இறங்கினார் மிஷனரி அதோனிராம் ஜட்சன். 1824-இல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்ததும் பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் அமெரிக்கர் என்றால் யார் கேட்டார்கள்? பர்மிய மொழியில் அவர் எழுதிய புதிய ஏற்பாடு கையெழுத்தாக இருக்கிறது. மனைவி ஆன் அம்மா முதலில் அதை வீட்டுக்கடியில் புதைத்தார். நம்ம ஊர் மழை தெரியுமே, செருப்பே பூஞ்சை பிடிக்கும், காகிதம் என்ன ஆகும்? தோண்டி எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். எப்பேர்ப்பட்ட தலையணை? கல்! திருடனும் தொடமாட்டான். ஜட்சன் அதில்தான் தலைவைத்துப் படுத்தார்.

அதையும் ஒரு காவலாளி பிடுங்கிக்கொண்டான். ஆன் அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. அதைவிட நல்ல தலையணை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழசை வாங்கிக்கொண்டார். மெத்தென்ற தலையணை கிடைத்ததென்று காவலாளிக்குச் சந்தோஷம். கல்லுக்குள் இருந்தது மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்!

கதை முடியவில்லை. ஜட்சனை வேறு சிறைக்கு இழுத்துப்போன நாளில் தலையணை மறுபடியும் பறிபோனது. மேலே சுற்றியிருந்த பாயை உருவிக்கொண்டு பஞ்சுருண்டையை எறிந்துவிட்டார்கள். மாங் இங் என்ற விசுவாசி, ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. கேளுங்கள், தெரியாது! மாதங்கள் கழித்துப் பிரித்தால், எழுத்து அப்படியே இருக்கிறது. 1834-இல் முழு வேதாகமத்தையும் ஜட்சன் முடித்தார். பார்க்க ஆன் அம்மா இல்லை. 1826-லேயே போய்விட்டார்.

தூதன் வந்தானா தம்பி? ஒரு ஊசி வந்தது, ஒரு நூல் வந்தது, குப்பையில் கிடந்ததைக் குனிந்து எடுத்த ஒரு கை வந்தது.

மணி அடித்துவிட்டது. எங்கள் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா.

2008 மே மாதம், நர்கீஸ் புயல். எங்கள் கூரைத் தகரம் அத்தனையும் போய்விட்டது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, அரிசி நனைந்து நாறிவிட்டது. மூலையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அம்மா அந்த வசனத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விலகுவதுமில்லை, கைவிடுவதுமில்லை. எனக்குக் கோபம் வந்தது. விலகாதவர் எங்கே அம்மா என்று கேட்டும்விட்டேன்.

அப்போது எதிர்வீட்டுப் பர்மிய அம்மா வந்தார். தினமும் புத்தருக்குப் பூ வைக்கிறவர். அவர் வீட்டிலும் பாதிக் கூரை இல்லை. இடுப்பில் சோற்றுப்பானை, மேலே வாழையிலை.

நன்றி சொல்லப் பர்மிய மொழியில் “ஜேஸூ தின்பாதே” என்போம், உங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் அம்மாவுக்கு அன்றைக்கு முதல் சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த அம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, ஜேஸூ, ஜேஸூ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.