பட்டறைக்கு ஒரு கதவு

நேயர்களுக்கு வணக்கம். கார் ஷெட்டின் ஒரு ஓரத்தில் பட்டறை போட்டு, தச்சு வேலையோ வெல்டிங்கோ செய்கிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் ஏராளம். மிஷின் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், கதவு என்றால் மட்டும் இருப்பதில் மலிவானதை மாட்டிவிடுகிறார்கள்.

மிஞ்சிப்போனால் பெரிய பூட்டாக வாங்குவார்கள். தக்கலைப் பக்கம் இருக்கிற எங்கள் சித்தப்பா அப்படித்தான், கையை நிறைக்கிற பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஒருநாள் காலையில் போன் வந்தது. "பூட்டு பூட்டினபடி கிடக்குடே, டிரில்லிங் மிஷினத்தான் காணல்ல!" போய்ப் பார்த்தேன். கொண்டியை வெளிப்பக்கம் நாலு திருகாணியில் மாட்டியிருந்தார்கள். கள்ளன் பூட்டைத் தொடவே இல்லை. திருப்புளியால் நாலு ஆணியையும் கழற்றி, மரியாதையாக ஜன்னல் திண்டில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சித்தப்பா அதற்கப்புறமும் பூட்டுக் கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் பூட்டை விடுங்கள், கொண்டியைப் பாருங்கள். பலகையை ஊடுருவிப் போகிற போல்ட் போடுங்கள். வெளியே மொழுக்கைத் தலை, உள்ளே நட்டு. கதவு வெளிப்பக்கம் திறந்தால் கீலும் வெளியேதான் இருக்கும். அதன் கம்பியை உருவிவிட்டால் பூட்டு இருந்து என்ன பயன்? கம்பியின் இரண்டு முனையையும் வெல்டு வைத்துவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கொண்டியும் கீலும்தான் முதலில்.

சரி, ஷட்டரா, இரட்டைக் கதவா? தெருவை ஒட்டிய வீட்டுக்கு ஷட்டர் வசதி, திறக்க இடம் கேட்காது. நடுவில் மட்டும் பூட்டாமல் இரண்டு ஓரத்திலும் அடியில் பூட்டு வையுங்கள், இல்லையென்றால் மூலையைக் கடப்பாரையால் நெம்பிவிடலாம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஷட்டர் ஓடும் சேனலும் சுருளும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே 304 ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை ஏறும். 316 ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் கூடுதலாகத் தாங்கும். பூட்டுக்கும் போல்ட்டுக்கும் அந்தச் செலவு தகும்.

மோட்டார் வைத்த ஷட்டர் என்றால் கையால் இழுக்கிற சங்கிலி கட்டாயம் வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

என் ஓட்டு இரட்டைக் கதவுக்குத்தான். அயனி மரத்துப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்பது நம் ஊர். மரம் ஊதும், அதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் ஆசாரி பொருத்த வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்கள், காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்து வைத்த கதவையும் தரையோடு பிடித்து நிறுத்தத் தாழ்ப்பாள் வேண்டும், விரலை நசுக்கிவிடும்.

பெரிய கதவுக்குள் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு வையுங்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், வீட்டில் கேலியே செய்கிறார்கள். ஒரு ஸ்பேனர் எடுக்கப் பெரிய கதவு முழுவதையும் திறந்து, பட்டறையில் இருப்பதையெல்லாம் தெருவுக்குக் காட்ட வேண்டுமா? அந்தச் சின்னக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். தின்னரும் பெயிண்டும் இருக்கிற இடம், தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது.

நேரம் முடிந்துவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். காற்று வர மேலே கம்பி வலை வையுங்கள், வாசலில் வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள், பெயிண்டை மழைக்கு முன்பே அடித்துவிடுங்கள். வணக்கம்.