இரண்டு றக்பி, ஒரே கழுத்து

மேற்கு சிட்னியில் எங்கள் சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் பேசியது இது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிப் போடுகிறேன்.

சங்கத் தலைவர் அண்ணாவுக்கு வணக்கம். இந்தக் குளிரிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் இருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையாருக்கு வணக்கம். போன வருடம் மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒரே ஒரு கடிதம்தான் போட்டோம், இரண்டு கிழமையில் ஆள் அனுப்பினார், அதைச் சபையில் சொல்லாமல் விட முடியாது. தமிழ்ப் பாடசாலை அதிபர் ஐயாவுக்கும், இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேராக இங்கே வந்திருக்கும் டாக்டர் அக்காவுக்கும், பின்னால் சமையலறையில் நிற்கும் தம்பிமாருக்கும், இதையெல்லாம் கேட்பதற்கென்று கூட்டி வரப்பட்ட பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று, றக்பியின் இரண்டு வகைகளான யூனியனிலும் லீக்கிலும், இரண்டு அணியும் கட்டிக் குனிந்து பந்துக்காகத் தள்ளுகிற ஸ்க்ரம் ஏன் இப்படி வேறு வேறாகப் போனது. இரண்டு, எது நல்ல ஆட்டம் என்று நம் வீடுகளில் நடக்கிற வழக்கு. மூன்று, நம் பெண் பிள்ளைகளின் றக்பி.

என் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கெடுத்தாலும் 'ஊர் கூடித் தேர் இழு' என்பார். வீட்டு மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் அதே பழமொழிதான். நான் முதன்முதலில் ஸ்க்ரம்முக்குள் தலையை விட்டபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் அதுதான். யூனியனில் எட்டுப் பேர் ஒரு உடம்பாகக் குனிந்து, எதிரே இன்னொரு எட்டுப் பேரைத் தள்ளுகிறார்கள். முன்னால் மூன்று, நடுவே இரண்டு, இரு பக்கமும் ஒவ்வொருவர், கடைசியில் ஒருவர். ஒருவன் கால் வழுக்கினாலும் தேர் நிற்கும், சில வேளை சரியும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1895இல் வட இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஊரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய றக்பி கழகங்கள் தனியாகப் பிரிந்து போயின, அவர்கள் ஆட்டம்தான் பிறகு லீக் ஆனது, மற்றது யூனியன். சண்டை பணத்தைப் பற்றியது, ஆனால் பேராசைப் பணம் இல்லை. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை விளையாட வந்தால் அன்றைய கூலி போய்விடும், அந்தக் கூலியைத் தரவேண்டும் என்றார்கள், மேலிடம் மறுத்துவிட்டது. பிரிந்து போனவர்களுக்கு வாசலில் காசு கொடுத்து வருகிற சனம்தான் ஆதாரம். சனத்துக்குப் பந்து கண்ணில் பட வேண்டும், குனிந்து நிற்கும் முதுகுகளை எவ்வளவு நேரம் பார்ப்பது? அதனால் 1906இல் பதினைந்து பேரைப் பதின்மூன்றாக்கினார்கள், ஸ்க்ரம் ஆறு பேருக்குச் சுருங்கியது. பிடிபட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடரலாம் என்றும் வைத்தார்கள். 1908இல் இங்கே சிட்னியிலும் லீக் போட்டி தொடங்கியது. இன்று பரமட்டாவிலும் பென்ரித்திலும் றக்பி என்றால் லீக்தான், யூனியன் பெயரைச் சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

லீக் ஸ்க்ரம்மை உண்மையில் மாற்றியது எண்ணிக்கை. 1960களின் பிற்பாதியில் பந்து வைத்திருக்கிற அணி நாலு தடவை பிடிபட்டால் அதன் முறை முடிந்தது என்று வந்தது, பிறகு அது ஆறானது. முதலில் ஆறாவதுக்குப் பின் ஸ்க்ரம் வைத்தார்கள், 1983இல் அதையும் எடுத்துவிட்டு, பந்தை நேராக எதிரணியிடம் கொடு என்றார்கள். இதுதான் இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம், பிள்ளைகள் கவனியுங்கள். லீக்கில் பந்து கணக்குப்படி கைமாறுகிறது. யூனியனில் அப்படி ஒரு கணக்கு கிடையாது, ஒவ்வொரு இடத்திலும் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும், அப்படிப் பிடுங்குகிற இடங்களில் மிகப் பழையது ஸ்க்ரம். அதனால் யூனியன் அதைக் கைவிட முடியாது, லீக் அதைத் தளர்த்தியும் உயிரோடு இருக்கிறது.

இப்போது லீக்கில் பந்து போடுகிறவர் தன் பக்கத்துக் கடைசி ஆளின் காலடியிலேயே போடுகிறார், தள்ளுவது அபூர்வம். ஹூக்கர் என்றால் முன்வரிசை நடுவில் நின்று காலால் கொக்கி போட்டுப் பந்தை இழுப்பவர். லீக்கில் அந்த வேலை போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம், இன்று அவர் பிடிபட்டவனுக்குப் பின்னால் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிற மூளைக்காரர். அப்படியானால் ஸ்க்ரம் எதற்கு என்று கேட்பீர்கள். பன்னிரண்டு பெரிய உடம்புகளை ஒரு மூலையில் கட்டி வைத்தால் 68 மீற்றர் அகல மைதானம் மற்றவர்களுக்குத் திறக்கிறது. மூச்சு விடுகிற இடம், திட்டம் போட்டு ஓடுகிற இடம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள், 2021 முதல் பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனாலும் இங்கத்தைய பெரிய லீக் போட்டியான என்.ஆர்.எல்.லில் ஸ்க்ரம் இல்லை.

யூனியனில் ஸ்க்ரம் ஒரு ஆட்டத்தையே தூக்கிக் கொடுக்கும். 2023 உலகக் கிண்ண அரையிறுதி, பாரிஸ். இங்கிலாந்து 15க்கு 6 என்று முன்னால் நின்றது. தென்னாபிரிக்காவின் முன்வரிசைக்காரர் ஒக்ஸ் இன்சே உள்ளே வந்தபின் இங்கிலாந்தின் ஸ்க்ரம் நொறுங்கியது, கடைசி நிமிடங்களில் ஸ்க்ரம்மில் கிடைத்த தண்டனை உதையை அவர்களின் பொல்லார்ட் தொலைதூரத்திலிருந்து அடித்தார், 16க்கு 15, தென்னாபிரிக்கா இறுதிக்குப் போனது. நம் ஊர்க் கதையும் இருக்கிறது. ஆர்ஜென்டினாவிலிருந்து வந்த டோப்போ றொட்ரிகஸ் முன்வரிசையில் நிற்க, 1984இல் கார்டிஃபில் ஆஸ்திரேலியா வேல்ஸ் அணியை அப்படியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தது. ஊர் கூடித் தேர் இழுத்தது என்றால் அதுதான்.

இனி என் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1986, கொழும்பு, எனக்கு 16 வயது. பாடசாலையின் இரண்டாம் அணியில் இரண்டாம் வரிசைக்காரன். அன்று காலை எங்கள் வலப்பக்க ப்ரொப்புக்கு, அதாவது முன்வரிசை ஓரத்தில் நிற்பவனுக்கு, கூகைக்கட்டு, இரண்டு கன்னமும் வீங்கி வீட்டிலேயே நின்றுவிட்டான். பஸ்ஸில் வைத்துப் பயிற்சியாளர் என் தோளைத் தட்டி, 'நீ முன்னுக்குப் போ' என்றார். நான் அதுவரை ஒரு நாள்கூட முன்வரிசையில் நின்றதில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். அம்மா கட்டித் தந்த புட்டைப் பிரித்துப் பார்த்தேன், தொண்டையில் இறங்கவில்லை, பக்கத்துப் பொடியனிடம் கொடுத்துவிட்டேன். முதல் பாதி எப்படியோ போனது. இடைவேளைக்குப் பிறகு மழை, வெள்ளை டவுசர் எல்லாம் செம்மண். எதிரில் நின்ற ப்ரொப் ஒரு சிங்களப் பொடியன், என்னிலும் அகலம், ஒவ்வொரு முறை குனியும்போதும் அவன் காதும் என் காதும் உரசும். எங்கள் கடைசிக் கோட்டுக்கு ஐந்து மீற்றரில் ஒரு ஸ்க்ரம். மோதினோம், என் முதுகு வளைந்தது, தலை நிலத்தில் குத்தியது, என் அணியின் மற்ற ஏழு பேரும் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. கழுத்தில் ஒரு சத்தம். இரண்டு கையும் என்னுடைய கைகள் மாதிரி இல்லை. கத்த வாய் திறந்தால் சேறு. அப்போது என் காதுக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பொடியன் தன் உயிரையெல்லாம் கூட்டிக் கத்தினான்: 'தல்லு கரன்ன எபா! தல்லு கரன்ன எபா!'

தள்ளாதே, தள்ளாதே. நம் தள்ளுதான், அவர்கள் வாயில் தல்லு. இன்னும் கொஞ்சம் தள்ளினால் அவன் அணிக்குப் புள்ளி. அவன் தன் ஆட்களையே நிறுத்தினான். பதினாறு பேரும் நின்றார்கள். தன் முழங்கையை ஊன்றி என் மேல் பாரம் விழாமல் பிடித்துக்கொண்டு, ஆள் வந்து என்னை எடுக்கும் வரை அவன் அசையவில்லை. பதினொரு நாள் கழுத்துப் பட்டையோடு கிடந்தேன், அம்மாதான் ஊட்டினார், விரல்களுக்கு உணர்வு வர ஒரு மாதம் ஆனது. நாலாம் நாள் அந்தப் பொடியன் தன் தாயோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு பை ரம்புட்டான் வைத்துவிட்டுப் போனான். நான் அப்போது தூக்கத்தில். பெயர் கேட்டு வைக்க வீட்டாருக்குத் தோன்றவில்லை, அந்தக் குறை இன்னும் எனக்கு இருக்கிறது.

ஊர் கூடித் தேர் இழு என்ற அப்பாதான் அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து இன்னொன்றும் சொன்னார். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், சில்லுக்குக் கட்டை போடுகிறவன் நாலு பேர்தான், அந்த நாலு பேரும் வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று.

இங்கிலாந்தின் மாட் ஹாம்ப்சனை நினைத்துப் பாருங்கள். 2005இல் 21 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனது. வயது 20. நடுவர் டோனி ஸ்ப்ரெட்பரி அவசர மருத்துவ வேலை தெரிந்தவர், அவர்தான் மைதானத்திலேயே உயிரைப் பிடித்து வைத்தார். ஹாம்ப்சன் இன்று விளையாட்டில் பலத்த காயம் பட்ட இளைஞர்களுக்காகவே ஒரு அறக்கட்டளை நடத்துகிறார்.

யூனியனின் சட்டங்கள் திருந்தியிருக்கின்றன, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். பாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குப் பின் 2013இல் முதலில் எதிராளியைப் பிடி, பிறகு மோது என்று வந்தது, மோதும் விசையில் கால்வாசி வரை குறைந்தது. 2022 முதல் ஹூக்கர் ஒரு காலை முன்னே ஊன்றிப் பாரத்தைத் தாங்க வேண்டும், அப்பா சொன்ன சில்லுக் கட்டையேதான். 19 வயதுக்குட்பட்டோர் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது. பயிற்சி பெற்ற முன்வரிசைக்காரர் இல்லையென்றால் தள்ளாத ஸ்க்ரம்தான்.

சட்டம் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்க நாம் வெட்கப்படுகிறோம். சனிக்கிழமை காலை ஆள் குறைந்தால், 'பெரிய பொடியன்தானே, நில்லு' என்று எவராவது சொல்கிறார்கள், நம் தகப்பன்மார் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு பேசாமல் நிற்கிறோம். எதற்கு? பிள்ளைக்குப் பழக்கமில்லை, தள்ளாத ஸ்க்ரம் வையுங்கள் என்று சொல்வதில் என்ன மானம் போகிறது? அந்தச் சிங்களப் பொடியன் கோட்டுக்கு ஐந்து மீற்றரில் நின்று சொன்னானே.

லீக் பெற்றோர் உங்களுக்கு இது இல்லை என்று எண்ண வேண்டாம். ஸ்க்ரம்மில் தள்ளாவிட்டாலும் ஒருவனைப் பிடித்து விழுத்தும்போது தலையைத் தவறான பக்கம் வைத்தால் அதே கழுத்துதான். ஆகையால் எது நல்ல ஆட்டம் என்ற இரண்டாவது விஷயத்துக்கு என் பதில் இவ்வளவுதான், இரண்டையும் விளையாடுங்கள். மூன்றாவதை நான் தொடவில்லை, பெண் பிள்ளைகள் அணியைப் பார்த்துக்கொள்ளும் தங்கை அடுத்த ஒன்றுகூடலில் அதைப் பேசட்டும், தலைவர் அண்ணா இடம் தருவார்.

ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. வருகிற சனிக்கிழமையிலிருந்து ஆறு கிழமை, காலை ஏழு மணி, இதே மண்டபம். கழுத்துக்கும் முதுகுக்கும் பயிற்சி. உடற்பயிற்சி மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் இருவர் காசு வாங்காமல் வருகிறார்கள். விழுந்தவனின் தலையை அசையாமல் எப்படிப் பிடிப்பது என்பதை அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் டாக்டர் அக்கா காட்டித் தருவார். பெயர் எழுதும் கொப்பி சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பிள்ளையிடம் ஒரு துவாயும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து அனுப்புங்கள்.